இரண்டு கார்கள், ஓர் அத்தான்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது கதையாகப் பிறக்கவில்லை, வேலையாகப் பிறந்தது. நான் ஒரு கார் பத்திரிகையில் இரண்டு கார்களை அருகருகே நிறுத்தி ஒப்பிட்டு எழுதுகிறவன். மாதம் ஓர் ஒப்பீடு. இதற்கு மைலேஜ் அதிகம், அதற்கு டிக்கி பெரிது. இதில் பின்சீட்டில் முழங்கால் இடிக்கும், அதில் தலை இடிக்கும். தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து இதையே எழுதினால் ஒரு மனிதனுக்கு என்ன ஆகும் என்று யாரும் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. எனக்கு ஆனது இதுதான்: கடையில் இரண்டு டூத் பிரஷ்ஷைக் கையில் எடுத்தாலே மனசு நட்சத்திரம் போட ஆரம்பித்துவிடுகிறது. அலுத்துவிட்டது.

போன மாதம் ஆசிரியர் கூப்பிட்டார்.

"பழைய செடான் ஒண்ணு, இப்ப வர்ற சின்னக் கார் ஒண்ணு. ரெண்டையும் பக்கத்துல வச்சு எழுதுங்க. ஆனா வழக்கம்போல வேணாம். கதை மாதிரி இருக்கட்டும்."

"கதை மாதிரின்னா?"

"மனுஷங்க இருக்கணும் சார். கொஞ்சம் கண்ணுல தண்ணி வரணும். அதுக்காக மைலேஜ விட்டுடாதீங்க."

தலைப்பையும் அவரே வைத்துவிட்டார்: 'கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை'. எனக்குப் பிடிக்கவில்லை. (கழுதையில் சீட் பெல்ட்கூடக் கிடையாது, கட்டெறும்பில் ஏர்பேக் இருக்கிறது. தேய்ந்தது யார் என்பது விவாதத்துக்குரியது.)

இரண்டு கார்களும் ஒரே கூரைக்குக் கீழ் நிற்கிற வீடு எனக்குத் தெரிந்து ஒன்றுதான். என் அக்கா வீடு. அங்கே போகாமல் எழுதிவிட முடியுமா என்று கொஞ்ச நாள் பார்த்தேன். முடியவில்லை.

2

தொடக்கங்கள். ஒன்று:

அந்தப் பழைய கார் ஷெட்டுக்குள் ஒரு கிழட்டு யானையைப் போல

இல்லை. உலகத்தில் எத்தனை பழைய கார்கள் உண்டோ அத்தனையும் யானையாக்கப்பட்டுவிட்டன. இரண்டு:

காலம் ஒரு நெடுஞ்சாலை என்றால்

இதைப் படித்தால் நீங்கள் மூடிவைத்துவிடுவீர்கள். எழுதிய நானே மூடிவைத்தேன். மூன்று:

என் அக்கா வீட்டில் இரண்டு கார்கள் இருக்கின்றன. ஒன்று போயாக வேண்டும்.

இது இருக்கட்டும். அலங்காரமில்லை, பொய்யுமில்லை. அக்காவும் அத்தானும் அந்த வீட்டை விட்டு மகளின் குடியிருப்புக்கு எதிரே ஓர் அடுக்குமாடிக்குக் குடிபோகிறார்கள். அங்கே ஒரு காருக்குத்தான் இடம். அத்தானுக்கு மறதி நோய்.

அத்தான் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். எங்கள் பக்கத்தில் நாற்பதைத் தாண்டியவர்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்காமல் கியர் போடக் கற்றவர்கள். ஆமாம், திட்டு வாங்காமல். அதுதான் அவருடைய பெயர்போன குணம். மாணவர் குப்பைத்தொட்டியில் கொண்டுபோய் இடித்தாலும், "பரவால்ல, இப்ப ரிவர்ஸ் எப்படின்னு பாத்துடலாம்" என்பார். அந்தப் பொறுமை முழுவதும் ஸ்கூலிலேயே செலவாகிவிடும். வீட்டுக்கு வரும்போது மிச்சம் ஒன்றும் இருக்காது. ஊருக்கு உபதேசம் என்பார்களே, அதைப் போல.

அக்காவுக்கு மட்டும் அவர் ஓட்டக் கற்றுத்தரவில்லை. "சொந்தக்காரங்களுக்குச் சொல்லிக் குடுத்தா வண்டிக்கும் ஆகாது, உறவுக்கும் ஆகாது" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் மாணவியைக் கூட்டிக்கொண்டு கிளம்பியவருக்குத் திரும்பி வர வழி தெரியவில்லை. அந்தப் பெண்தான் வழி சொல்லிக் கூட்டிவந்தாள். அத்தோடு ஸ்கூலை மூடினார்கள். அதற்குப் பிறகு அக்கா வேறொரு டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தாள், ஐம்பத்தெட்டு வயதில், அவருக்குத் தெரியாமல்.

3

கார்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆசிரியர் காத்திருப்பார்.

பெரியது: பழைய செடான். அத்தானின் சொந்த வண்டி. அதை ஸ்கூலுக்கு எடுத்ததே இல்லை. முன்னால் தனித்தனி சீட் கிடையாது, சோபா மாதிரி ஒரே நீள சீட். கியர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே இருக்கும், அதனால் நடுவில் தடுப்பு எதுவும் இல்லை. ஸ்டியரிங் கனம், திருப்புவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். மைலேஜைக் கேட்காதீர்கள்.

சின்னது: ஸ்கூலின் கடைசி வண்டி. ஒரு விரலால் திருப்பலாம். பின்னால் வருவது திரையில் தெரியும். பெல்ட் போடாவிட்டால் அழ ஆரம்பித்துவிடும். மைலேஜ் பிரமாதம். பக்கத்து சீட்டின் காலடியில் வாத்தியாருக்கென்று தனியாக ஒரு பிரேக்.

(அந்த பிரேக் பெடல் எனக்கு முதலில் தெரியாது. ஸ்கூல் போர்டைக் கழற்றியபோதே அதையும் கழற்றியாகிவிட்டது என்று அக்கா தன் மகளிடம் சொல்லியிருந்தாள், மகள் என்னிடம் சொல்லியிருந்தாள். அத்தானைப் பக்கத்தில் உட்காரவைத்து நான் ஓட்டிப் பார்த்தேன். சமதளத்தில், காலியான தெருவில், வண்டி திடீரென்று நின்றது. 'பிரேக் சற்று முரட்டுத்தனமாகப் பிடிக்கிறது' என்று குறிப்பெழுதிக்கொண்டேன். இவ்வளவுதான் என் நிபுணத்துவம்.)

சாயங்காலமானால் அத்தானால் வீட்டுக்குள் இருக்க முடியாது. கேட்டைப் பிடித்து உலுக்குவார், எங்கேயோ போக வேண்டும் என்பார். காரில் ஏற்றி ஒரு சுற்று சுற்றி வந்தால்தான் அடங்குவார். அந்நியர் ஓட்டும் டாக்சியில் ஏறமாட்டார். எனவே தினமும் ஒரு சவாரி. அக்கா ஓட்டுவாள், அவர் பக்கத்தில்.

இரண்டு காரிலும் மாறி மாறிப் போய் வந்ததில் அக்காவுக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. அதை என்னிடம் சொன்னபோது நான் நம்பவில்லை. "வா, பின்னாடி உக்காந்து பாரு" என்றாள்.

4

பின்சீட்டிலிருந்து. முதல் நாள், சின்னக் கார்.

அத்தான் ஏறியதும் பெல்ட்டைத் தானே போட்டுக்கொண்டார். பின்னால் பார்க்கும் கண்ணாடியைச் சரிசெய்தார். வீட்டில் சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாமல் நின்ற மனிதர். முதுகு நிமிர்ந்தது.

"வணக்கம் மேடம். நேத்திக்கு எதுவரைக்கும் பாத்தோம்?"

"இறக்கத்துல கிளச்சு" என்றாள் அக்கா.

"ம். பயப்படாம எடுங்க. நான் இருக்கேன்."

திருப்பத்தில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. அக்கா பார்ப்பதற்குள் அவர் கால் வேலை செய்துவிட்டது. வண்டி நின்றது. "பரவால்ல. சைக்கிளுக்கு நம்மளத் தெரியாது, நமக்குத்தான் சைக்கிளத் தெரியணும்" என்றார் சிரித்துக்கொண்டே. சுற்றி முடித்து வீட்டு வாசலுக்கு வந்தபோது சொன்னார்: "நீங்க நல்லா ஓட்டுறீங்க மேடம். வீட்டுக்காரர் குடுத்துவச்சவரு."

அக்கா வண்டியை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். பின்னால் இருந்த என்னைப் பார்த்து, தம்பியா என்று அவளிடம் கேட்டார். ஆமாம் என்றாள். "அடுத்த பேட்ச்ல சேந்துக்கலாம் தம்பி" என்றார் என்னிடம்.

மறுநாள், பெரிய கார்.

ஏறும்போதே ஆரம்பித்துவிட்டது. "ஏய் மகாராணி, என் வண்டியில நீ எதுக்கு அந்தப் பக்கம் ஏறுற?"

மகாராணி என்பது கல்யாணமான புதிதில் அவர் அக்காவுக்குக் கிண்டலாக வைத்த பெயர். உலகத்தில் வேறு யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அந்தக் காருக்கு வெளியே அவர் வாயில் அந்தப் பெயர் வந்து வெகுகாலமாகிறது.

"கியர வலிக்காம போடுடி. உங்கப்பன் வீட்டு வண்டியா?" "பொண்ணுக்குப் பரீச்சை எப்போ?" (பொண்ணுக்கே ஒரு பொண்ணு பரீச்சை எழுதுகிறாள்.) "உன் தம்பி ஏதாவது வேலைக்குப் போறானா, இல்ல இன்னும் பேப்பர்ல கிறுக்கிட்டுத் திரியுறானா?" பின்சீட்டில் இருந்த தம்பி குறிப்பேட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டான். அந்த நீள சீட்டில் அவர் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து அக்காவை ஒட்டி உட்கார்ந்துகொண்டார். ஒரு கை அவளுக்குப் பின்னால் சீட்டின்மேல் நீண்டு கிடந்தது. வழியில் இருக்கிற பாலம் வரும்வரை நான் பார்த்த நல்ல காட்சி அது.

பாலத்தில் கேட்டார்: "சாவியக் குடு. நான் ஓட்டுறேன்."

"இன்னிக்கு நான் ஓட்டுறேனேங்க."

"தினமும் இதையே சொல்ற. என்னால ஓட்ட முடியாதா? எனக்கு என்ன ஆச்சு? சொல்லு, எனக்கு என்னதான் ஆச்சு?"

அக்கா ரோட்டைப் பார்த்து ஓட்டினாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. ஸ்கூலே நடத்திய மனிதர், ஜன்னல் கண்ணாடியைப் பார்த்து அழுதார். பாலம் முடிந்ததும் மறந்துவிட்டார். அக்காவுக்கு மறக்கவில்லை.

[இங்கே 'அக்காவின் கண்களில் ஒரு கடல்' என்று ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவள் கண்ணில் ஒன்றும் இல்லை. களைப்பாக இருந்தாள். வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டு, "துணி காயப் போட்டது காயப் போட்டபடியே கெடக்கு" என்றாள்.]

5

ஒப்பீட்டு அட்டவணை போடலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு பக்கம் செடான், ஒரு பக்கம் சின்னது.

பெரிய காரில் அவருக்கு அவளைத் தெரிகிறது. அவளைத் தெரிகிற அதே கணத்தில் தனக்கு ஏதோ போய்விட்டது என்பதும் தெரிகிறது. சின்னக் காரில் அவருக்கு அவளைத் தெரியவில்லை. ஆனால் எதையும் இழக்காத மனிதராக, வேலையில் இருக்கிற மனிதராக, அவளிடம் ஆயுசிலேயே காட்டாத அன்போடு உட்கார்ந்திருக்கிறார்.

இதற்கு எப்படி நட்சத்திரம் போடுவது? பேனாவை மூடிவைத்தேன்.

கார்கள் இரண்டுக்குமே ஆள் வந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். பெரிய காரைக் கேட்டவர் பழைய கார்களைச் சேர்த்துவைக்கிறவர். சின்னதைக் கேட்டவர் புதிதாக டிரைவிங் ஸ்கூல் ஆரம்பிக்கிறவர். இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஒருவரைத் திருப்பி அனுப்ப வேண்டும். மதில்மேல் பூனை என்பார்கள். பூனைக்காவது இரண்டு பக்கமும் தரை இருக்கிறது.

6

இந்தக் கட்டத்தில் எனக்கு ஒரு பாத்திரத்தின்மேல் சந்தேகம் வந்தது: அக்காவின் மகள். முதல் பிரதியில் அவளைக் கல்நெஞ்சக்காரியாக எழுதியிருந்தேன். கதைக்கு அப்படி ஒருத்தி வசதி. உண்மையில் அவள் பயந்துபோனவள். பெரிய ரோட்டில் அத்தான் பிரேக்கை மிதித்து, பின்னால் வந்த வேன் முட்டிய அன்றுதான் அந்த பெடல் இன்னும் இருக்கிறது என்பதே அவளுக்குத் தெரிந்தது. பம்பர்தான் நசுங்கியது. அவள் வந்து பம்பரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நாளைக்கே மெக்கானிக்க வரச் சொல்லிக் கழட்டிடுறேன்மா. என்கிட்ட ஏன் பொய் சொன்ன?"

மெக்கானிக் கழற்றினார். அன்று சாயங்காலம் சின்னக் காரில் போனார்கள். அத்தானின் கால் தேடியது. குனிந்து பார்த்தார். காலடியில் கிடந்த பாயைத் தூக்கிப் பார்த்தார். பிறகு அக்காவிடம், மிகவும் மரியாதையாகக் கேட்டார்:

"மேடம், நான் எதுக்கு இங்க உக்காந்திருக்கேன்?"

அக்கா வண்டியைத் திருப்பிக்கொண்டு நேராக மெக்கானிக் கடைக்கே போனாள். மெக்கானிக் பெடலைத் திரும்ப மாட்டிக் கொடுத்தார், ஆனால் உள்ளே ஏதோ தளர்த்திவிட்டார். இப்போது மிதித்தால் சட்டென்று நிற்காது, மெதுவாக வேகம் குறையும். மகளும் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தாள். எந்தக் காராக இருந்தாலும் சரி, பெரிய ரோட்டுக்குப் போகக் கூடாது, வீட்டைச் சுற்றியுள்ள தெருக்களுக்குள்ளேயே சுற்றிக்கொள்ளுங்கள். பாவம், அவளுக்கு இதற்குமேல் என்ன செய்ய முடியும்? என்னிடம் மட்டும் தனியாகச் சொன்னாள்: "மாமா, எந்தக் கார்ல ஏத்துனாலும் அப்பாவுக்கு என்னை யாருன்னு தெரியல. அம்மாவுக்காவது ஒரு காரு இருக்கு."

அவளைக் கல்நெஞ்சக்காரியாக எழுதிய பக்கத்தைக் கிழித்தேன்.

7

முடிவுகள்.

முடிவு அ: அக்கா பெரிய காரை வைத்துக்கொள்கிறாள். ஒருநாள் பாலத்தில் சாவியை அவரிடமே கொடுத்துவிடுகிறாள். இருவரும்

வேண்டாம். இது எனக்கு அழகாகத் தோன்றுகிறது என்பதே சந்தேகத்துக்குரியது.

முடிவு ஆ: அக்கா சின்னக் காரை வைத்துக்கொள்கிறாள். ஒருநாள் பாடம் முடிந்து இறங்கும்போது, அத்தான் திடீரென்று திரும்பி, "மகாராணி" என்கிறார்.

இந்த இரண்டாவதை எழுதியபோது எனக்கே கண் கலங்கியது. ஆசிரியர் கேட்ட தண்ணீர் வந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் அதை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் சமையலறையில் பாத்திரங்களைப் பழைய பேப்பரில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நின்றபடியே படித்தாள்.

"இது நடக்கலையே."

"கதைதானேக்கா."

"கதைன்னா? நாளைக்கு நான் அந்தக் கார விட்டு இறங்குறப்பல்லாம் அவரு வாயப் பாத்துட்டு நிக்கணுமா? கூப்புடுவாரு கூப்புடுவாருன்னு? வேணாம்டா. ஏற்கெனவே அப்படித்தான் நிக்கிறேன்."

அவள் ஒரு தட்டைச் சுற்ற ஆரம்பித்தாள். சுற்றிக்கொண்டே பேசினாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்றேன், எழுதாத." (எழுதுகிறேன். படித்தால் திட்டுவாள். திட்டட்டும்.) "எத்தனை வருஷம் அவரு கூட இருந்தேன். ஒருநாள் நீ நல்லா செய்யுறேன்னு சொன்னதில்ல. இப்ப அந்தச் சின்னக் கார்ல தினமும் சொல்றாரு. யாரோ ஒரு மேடத்துகிட்டதான் சொல்றாரு, எனக்குத் தெரியாதா? ஆனாலும் கேக்க நல்லா இருக்குடா. அடுத்த நாள் பெரிய கார்ல ஏறுனா வாய்க்கு வந்தபடி திட்டுறாரு. என்னைத்தான் திட்டுறாரு. அதுவும் நல்லாத்தான் இருக்கு."

"அப்ப அவருக்கு எது நல்லதுன்னு பாத்தா..."

"சின்னதுதான். அதுல அவரு அழறதில்ல. இதுகூடத் தெரியாமலா இருக்கேன்?" தட்டைப் பெட்டிக்குள் வைத்தாள். "அவருக்கு எது நல்லதுன்னு பாத்துப் பாத்தே என் காலம் போச்சு. ஒரே ஒரு தடவை எனக்கு எது வேணும்னு யோசிக்கலாம்னு பாத்தா, அது அவர அழவைக்குற காரா இருக்கு. எனக்கு அசதியா இருக்குடா. நீ போயிட்டு வா."

இரண்டு முடிவுகளையும் அங்கேயே குப்பைக்கூடையில் போட்டுவிட்டு வந்தேன்.

8

ஞாயிற்றுக்கிழமை நான் போகவில்லை. போயிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். ஓர் எழுத்தாளன் அங்கே நின்றால் அக்கா அவனுக்காக ஏதாவது ஒரு முகத்தை வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். அந்த வேலையும் அவளுக்கு எதற்கு?

சாயங்காலம் நானே போன் செய்தேன்.

"ஒண்ணு போயிடுச்சுடா" என்றாள். குரலில் எதுவும் தெரியவில்லை.

"எது?"

"நீயே எழுதிக்கோ. எதையாவது எழுதத்தானே போற."

"தப்பா எழுதிட்டேன்னா?"

"பெரிய கார வச்சுக்கிட்டேன்னு எழுதுனா, 'பாரு, அந்த மனுஷன அழவச்சுப் பாக்குறா'ன்னு நாலு பேரு சொல்லுவாங்க. சின்னத வச்சுக்கிட்டேன்னு எழுதுனா, 'புருஷன் தன்னை மறந்ததே நிம்மதின்னு இருக்கா'ம்பாங்க. எதுல தப்பு வரப்போகுது?"

நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அப்போது அவளுக்குப் பின்னால், வீட்டுக்கு வெளியே, ஹார்ன் அடித்தது. ஒருமுறை. பிறகு நிறுத்தாமல்.

"ஏறி உக்காந்துட்டாரு. பொழுது சாஞ்சா நிக்க மாட்டாரு. வைக்கிறேன்." போனை அணைக்காமலே எங்கேயோ வைத்துவிட்டாள். செருப்புச் சத்தம் தூரமாய்ப் போனது. "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று அவள் குரல். அவசரமான குரல். எனக்குத் தெரிந்து அக்கா இப்படி எதற்கும் ஓடியதில்லை.

அந்த ஹார்ன் எந்தக் காருடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இந்தப் பிழைப்பே பிழைக்கிறவனுக்கு அதுகூடத் தெரியாதா? ஆனால் சொல்லமாட்டேன். உங்களிடமும், ஆசிரியரிடமும். ஒப்பீடு கேட்டார், கொடுத்துவிட்டேன். மைலேஜுக்கு அவர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும்.

நீங்கள் வாசலுக்கு வாருங்கள். பொழுது சாய்கிறது. பக்கத்து சீட்டில் அவர் உட்கார்ந்து, கையை எட்டி ஹார்னை அழுத்திக்கொண்டிருக்கிறார். ஒரு காரில் உங்களை அவருக்குத் தெரியும். ஒரு காரில் அவர் அழமாட்டார். நீங்கள் போய்க் கதவைத் திறக்கும்வரை ஹார்ன் நிற்காது.